உருக்கா, அலுமினியமா?

மோட்டோகிறொஸ் எனப்படும் பந்தயத்தை நேரிலே கண்டவர்கள் முதலில் அதன் இரைச்சலையே நினைவில் வைத்திருப்பர். முப்பது, நாற்பது மோட்டார் சைக்கிள்கள் ஒரே வரிசையில் நின்று, ஒரே கணத்தில் புறப்பட்டு, ஒரே வளைவை நோக்கிப் பாய்கின்றன. தெரு என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. உழுத வயலைப் போன்ற மண். மண்ணிலே சில்லுகள் வெட்டிய சால்கள். சாலின் முடிவிலே ஒரு மேடு. மேட்டுக்கு அப்பால் வெறுவெளி. வண்டியும் ஓட்டுநரும் அவ்வெறுவெளியிற் பல யார் தூரம் பறந்து சென்று நிலத்தில் வந்து விழுகின்றனர். விழுந்த மறுகணமே அடுத்த வளைவு. உலகப் போட்டிகளில் இவ்வாறு முப்பது நிமிடமும், அதன்மேல் இரண்டு சுற்றும் ஓடி முடித்துச் சிறிது இளைப்பாறியபின், அன்றே இன்னொரு முறையும் ஓடுதல் வேண்டும்.

இவ்விளையாட்டு இங்கிலாந்திலே தோன்றியது. 1924-ஆம் ஆண்டில் சறே மாகாணத்துக் காம்பெர்லி என்னும் இடத்தில் நடந்த ஓட்டத்தையே இதன் தொடக்கமாகக் கொள்வர். அந்நாளில் இதற்கு ஸ்கிறாம்பிள் என்று பெயர். முட்டிமோதிக்கொண்டு ஏறுதல் என்பது அதன் பொருள். பின்னர் பிரெஞ்சு மொழி வழங்கும் நாடுகளிற் பரவி, மோட்டோகிறொஸ் என்னும் பெயரைப் பெற்றது. 1952-இல் ஐரோப்பிய வாகைப் போட்டியும், 1957-இல் உலக வாகைப் போட்டியும் ஏற்பட்டன. தெருவில் ஓடும் வண்டியின் விளக்கையும் பிற அணிகளையும் கழற்றிவிட்டு ஓடிய காலம் அது. இன்று இப்பந்தயத்துக்கென்றே வண்டிகள் செய்யப்படுகின்றன. அவ்வண்டிகளைச் செய்வோரிடையே கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தீராத வழக்கொன்று உண்டு. வண்டியின் சட்டகத்தை உருக்கினாற் செய்வதா, அலுமினியத்தினாற் செய்வதா என்பதே அது.

சட்டகம் என்பது வண்டியின் எலும்புக்கூடு. இயந்திரம் அதிலே பூட்டப்படுகிறது. எண்ணெய்த் தாங்கியும் இருக்கையும் அதன்மேல் அமர்கின்றன. முன்புறத்தே, கைபிடியும் முன்சில்லின் கவையும் திரும்புவதற்கான தலைக்குழாய் உண்டு. பின்சில்லைத் தாங்கி ஏறியிறங்கும் கை, பின்புறத்தே ஓர் அச்சிலே பொருத்தப்பட்டிருக்கும். இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள பாலமே சட்டகம். முன்சில்லு செல்லும் வழியிற் பின்சில்லும் செல்கின்றதா, ஓட்டுநர் கைபிடியைத் திருப்பியதும் வண்டி உடனே கேட்கின்றதா என்பதெல்லாம் இப்பாலத்தின் உறுதியிலேயே தங்கியுள்ளன. ஆகவே சட்டகம் எவ்வளவுக்கு வளையாது நிற்கின்றதோ அவ்வளவுக்கு நன்று என்று எவருக்கும் தோன்றும். பொறியியலாளருக்கும் நெடுங்காலம் அவ்வாறே தோன்றிற்று. அது முழுவதும் சரியன்று என்பதைக் கற்றுக்கொள்வதற்குப் பெரியதொரு கம்பனி விலை கொடுக்க நேர்ந்தது. அக்கதைக்கு முன்னர் பழைய காலத்தைச் சற்று நோக்குதல் தகும்.

மிதிசைக்கிள் செய்தோரிடமிருந்தே மோட்டார் சைக்கிள் செய்தோர் உருக்குக் குழாயைப் பெற்றனர். 1935-இல் பேர்மிங்ஹாம் நகரத்து றெய்னோல்ட்ஸ் கம்பனியார் மங்கனீசும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாயொன்றை வெளியிட்டனர். 531 என்னும் எண்ணாற் பெயர்பெற்ற அக்குழாய் மெல்லிய சுவருடையது, ஆயினும் வலியது. டொன், டெறெக் என்ற றிக்மன் சகோதரர் இருவரும் அத்தகைய குழாய்களைக் கொண்டு சட்டகங்கள் செய்து, நிக்கல் முலாம் பூசிப் பளபளக்கவிட்டனர். அச்சட்டகத்திலே டிறையம்ப் போன்ற பிறருடைய இயந்திரங்களைப் பூட்டி ஓட்டினர். பல இடத்துப் பொருள்களும் கலந்திருந்தமையால், கலப்பினம் எனப் பொருள்படும் மெத்தீஸ் என்ற பிரெஞ்சுச் சொல்லையே தம் வண்டிக்குப் பெயராக இட்டனர். தம் படைப்பைத் தாமே கேலிசெய்துகொண்ட அப்பெயர், பின்னாளிற் பெருமதிப்புக்குரியதாயிற்று.

அலுமினியமும் அந்நாளிலேயே தலைகாட்டிற்று என்பதைப் பலர் மறந்துவிட்டனர். எஸெக்ஸ் மாகாணத்திலே பேட் கிறீவ்ஸ் என்பவர், நடக்க இயலாத தம் உறவினர் டெறி பிறெஸ்டன் கொப் என்பவரின் பொருட்டு அவருடைய சக்கர நாற்காலிக்கு ஓர் இயந்திரத்தைப் பொருத்தினார். அம்முயற்சியே வளர்ந்து, உடல் ஊனமுற்றோருக்கான வண்டிகளைச் செய்யும் தொழிற்சாலையாயிற்று. அத்தொழிற்சாலையே 1950-களிற் பந்தய மோட்டார் சைக்கிள்களையும் செய்தது. கிறீவ்ஸ் வண்டிகளின் முன்புறத்தே, குழாய்க்குப் பதிலாக, வார்த்தெடுத்த அலுமினியக் கலவையாலான தடித்த தூணொன்று இறங்கும். பார்வைக்கு அழகற்ற அத்தூண் எளிதில் முறியவில்லை. டேவ் பிக்கர்ஸ் என்ற ஓட்டுநர் 1960-இலும் 1961-இலும் 250 கன சென்ரிமீற்றர் வகுப்பின் ஐரோப்பிய வாகையைக் கிறீவ்ஸ் வண்டியிலேயே வென்றார். எனினும், அந்த வண்டியின் ஏனைய பகுதி உருக்குக் குழாயே.

புதிய உலோகத்தை நாடி இடர்ப்பட்ட கதையும் அக்காலத்துக்கு உண்டு. பீ.எஸ்.ஏ. கம்பனியின் ஜெப் ஸ்மித் 1964, 1965 ஆகிய இரு ஆண்டுகளிலும் 500 கன சென்ரிமீற்றர் உலக வாகையை வென்றவர். 1966-இல் அவ்வெற்றியைத் தொடரும் நோக்குடன் கம்பனியார் அவருக்கு டைட்டேனியத்தாற் சட்டகம் செய்து கொடுத்தனர். டைட்டேனியம் எடை குறைந்தது; விலை மிகுந்தது. சூடேறும்போது காற்றைப் பருகி நொறுங்குந்தன்மை அடைவது அதன் குறை. ஆதலால் அதைப் பற்றவைத்தற்கு, அதாவது வெல்டிங் செய்தற்கு, காற்று அணுகாத தனிக் காப்பு வேண்டும். ஐரோப்பாவின் நாட்டுப்புறப் பந்தயத் திடலொன்றிலே சட்டகம் வெடித்தால், அயலிலுள்ள பட்டறையில் அதைச் சீர்செய்ய வழியில்லை. அவ்வாண்டின் வாகையைச் செக்கோசிலவாக்கியாவிற் செய்யப்பட்ட சீ.செட் வண்டியில் ஓடிய கிழக்கு ஜேர்மனியர் பவுல் பிறீட்றிக்ஸ் வென்றார். அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் அவரே வென்றார். சீ.செட் வண்டியின் சட்டகம் உருக்கு.

இனி, இரு உலோகங்களின் இயல்பை நோக்கலாம். உருக்கை அலவாங்கிலும் கத்தியிலும், அலுமினியத்தை அடுக்களைப் பாத்திரத்திலும் கண்டு பழகியவர்கள், ஒன்று வலியது, மற்றது மெலியது என்ற முடிவோடு நின்றுவிடுவர். இங்கே இரண்டு சொற்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று வலிமை, மற்றொன்று விறைப்பு. எவ்வளவு பாரத்துக்குப் பின் முறியும் அல்லது நிரந்தரமாகக் கோணும் என்பது வலிமை. பாரம் ஏறும்போது எவ்வளவு வளைந்துகொடுக்கும், பாரத்தை எடுத்தவுடன் எவ்வாறு மீளும் என்பது விறைப்பைப் பொறுத்தது. பிரம்பு எளிதில் முறியாது; ஆயினும் விறைப்பற்றது. கண்ணாடி விறைப்பானது, ஆயினும் ஒரு தட்டுக்கு நிற்காது. அலுமினியத்தை மெக்னீசியம், சிலிக்கன், நாகம் முதலியவற்றோடு கலந்து பக்குவமாகச் சூடேற்றினால் அதன் வலிமை பன்மடங்கு பெருகும். ஆனால் அதன் விறைப்பு அக்கலவையால் அதிகம் மாறுவதில்லை. உருக்கின் நிலையும் அதுவே. குறோமியமும் மொலிப்டினமும் சேர்ந்த உயர்ந்த உருக்குக்கும் வேலிக் கம்பிக்கும் வலிமையிற் பெரும் வேறுபாடுண்டு, விறைப்பில் இல்லை.

அளவைச் சொல்வதானால், உருக்கின் அடர்த்தி நீரினுடையதைப் போல 7.8 மடங்கு, அலுமினியத்தினது 2.7 மடங்கு. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. அலுமினியத்தின் விறைப்பும் உருக்கின் விறைப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே. எடையிற் கிடைத்த இலாபம் விறைப்பில் நட்டமாகிவிடுகின்றது. அப்படியாயின் அலுமினியத்தால் என்ன பயன் என்று கேட்கலாம். பயன் உலோகத்தின் உள்ளே இல்லை, உருவத்திலே இருக்கின்றது.

நேயர்கள் ஒரு சிறு சோதனையை மனத்திலே நிகழ்த்திப் பார்க்கலாம். ஒரே நீளமும் ஒரே தடிப்புமுள்ள இரண்டு கோல்கள், ஒன்று உருக்கு, ஒன்று அலுமினியம். இரண்டையும் சுவரிலே செருகி, நுனியில் ஒரே பாரத்தைத் தொங்கவிட்டால், அலுமினியக் கோல் மூன்று மடங்கு தாழும். இப்போது அலுமினியக் கோலின் எடை உருக்குக் கோலின் எடைக்குச் சமமாகும்வரை அதைத் தடிப்பாக்கலாம். மீண்டும் பாரத்தைத் தொங்கவிட்டால் நிலைமை தலைகீழாகும். இம்முறை உருக்குக் கோலே மூன்று மடங்கு தாழும். வளைவதைத் தடுப்பதிலே தடிப்புக்கு அவ்வளவு ஆற்றல் உண்டு. உருக்கையும் அவ்வாறு அகன்ற குழாயாக்கினால் என்ன என்று கேட்கத் தோன்றும். எடை ஏறாமல் அகலமாக்குவதற்குச் சுவரை மெல்லியதாக்க வேண்டும். ஓர் எல்லைக்குமேல் அக்குழாய் தகரப்பேணி போலாகி, ஒரு கல் பட்டாலும் நசுங்கிவிடும். அலுமினியமோ எடை குறைந்ததாதலால், அகலமாகவும் இருக்கலாம்; சுவரும் தடிப்பாக இருக்கலாம்.

வீதிப் பந்தயக்காரர்கள் 1980-களிலே பிடித்துக்கொண்டது இதனைத்தான். தலைக்குழாயிலிருந்து இயந்திரத்தின் இரு புறமாகவும் சென்று பின்சில்லின் அச்சை நேரே சென்றடையும் இரண்டு அகன்ற அலுமினிய உத்தரங்களைக் கொண்டு சட்டகம் செய்யலாயினர். சுசூக்கி கம்பனி 1985-இல் வெளியிட்ட ஜீ.எஸ்.எக்ஸ்.ஆர். 750 போன்ற வண்டிகளால், அலுமினியச் சட்டகம் கடையில் வாங்கக்கூடிய பொருளுமாயிற்று. வழவழப்பான தார் வீதியில், அகன்ற ரயர்கள் இறுகப் பற்றும் நிலையில், விறைப்பு மிக்க சட்டகம் பெரும் பயன் தந்தது. வீதியிலே வென்றது மண்ணிலும் வெல்லும் என்று கருதியமை இயற்கையே.

1997-ஆம் ஆண்டுக்கென ஹொண்டா கம்பனியார் சீ.ஆர்.250 ஆர். என்னும் தமது மோட்டோகிறொஸ் வண்டியை அலுமினிய இரட்டை உத்தரச் சட்டகத்தோடு விற்பனைக்கு விட்டனர். பெருந்தொகையாகச் செய்து விற்கப்பட்ட மோட்டோகிறொஸ் வண்டிகளில் இத்தகைய சட்டகம் பெற்றது அதுவே முதலாவது. மினுமினுக்கும் அவ்வுத்தரங்களைக் கண்டு வாங்கியோர் பலர். ஆனால் திடலிலே ஓட்டியவர்கள் கைகளைப் பிசைந்துகொண்டு இறங்கினர். சிறு மேடு பள்ளம் ஒவ்வொன்றும் கைபிடி வழியாக முழங்கைவரை ஏறிற்று. இயந்திரத்தின் அதிர்வும் உடன் சேர்ந்துகொண்டது.

இதனை வெறும் சுகக்குறைவு என்று தள்ளிவிடுதல் தவறு. மோட்டோகிறொஸ் ஓட்டுநரின் முன்கைத் தசைகள் இடையறாத இறுக்கத்தால் இரத்தம் தேங்கிக் கல்லாகிவிடும் நிலையொன்று உண்டு. அந்நிலை வந்தபின் விரல்கள் பிரேக்கையும் கிளச்சையும் சரிவர இயக்கா. பறந்து வந்து விழும் வேளையில் கைப்பிடி நழுவினால் நேரக்கூடியது என்ன என்பதை விரிக்கவேண்டியதில்லை. தோள், மணிக்கட்டு, சிலவேளை முதுகெலும்பு ஆகியவற்றோடு சம்பந்தப்பட்ட விடயம் இது. சட்டகம் கடினமானால் ஓட்டுநரே அதிர்வு தாங்கியாகிவிடுகின்றார்.

அக்காலத்தில் அமெரிக்க சூப்பர்கிறொஸ் என்னும் விளையாட்டரங்கப் பந்தயத்தின் முடிசூடா மன்னராக விளங்கியவர் ஜெரமி மக்கிறாத். 1993 முதல் 1996 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹொண்டாவில் வாகை சூடியவர். 1996-இல் நடந்த 15 பந்தயங்களில் 14-ஐ அவரே வென்றார். அவ்வெற்றிகள் யாவும் உருக்குச் சட்டகத்திலே பெற்றவை. 1997-ஆம் ஆண்டுப் பருவம் தொடங்கும் தறுவாயில் அவர் ஹொண்டாவை விட்டு நீங்கினார். ஒப்பந்தத்தின் நிபந்தனைகள் பற்றிய பிணக்கும் அதற்குக் காரணமாக இருந்தது; புதிய சட்டகம் அவருக்குப் பிடிக்கவில்லை என்பதும் பலரறிந்த செய்தி. அவ்வாண்டை சுசூக்கி வண்டியில் வாகையின்றிக் கழித்தார். பின்னர் யமஹாவின் உருக்குச் சட்டக வண்டிக்கு மாறி, 1998, 1999, 2000 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் மீண்டும் வாகை சூடினார். இடையிலே 1997-இன் வாகையை வென்ற ஜெப் எமிக் ஓட்டியது கவசாக்கி. அவ்வண்டி ஒரு விதத்திற் கவனிக்கத்தக்கது. இயந்திரத்தை இரு புறமும் அணைத்துச் செல்லும் உத்தர வடிவத்தைக் கவசாக்கியார் 1990-இலேயே மேற்கொண்டிருந்தனர். ஆனால் உருக்கினாற் செய்தனர். வடிவம் புதியது, உலோகம் பழையது.

ஹொண்டாவின் பொறியியலாளர் எங்கே தவறினர்? சில்லுகளின் அதிர்வைத் தாங்க வில்லும் எண்ணெயும் கொண்ட தாங்கிகள் முன்னும் பின்னும் உள்ளன. அவை இருக்கும்போது சட்டகம் வேறு ஏன் வளையவேண்டும் என்ற கேள்விக்கு விடை, வளைவுகளிலே உள்ளது. வண்டி நிமிர்ந்து ஓடும்போது மேடு பள்ளத்தின் அடி கீழிருந்து மேலே வருகின்றது. தாங்கிகளும் மேலும் கீழுமாகவே இயங்குகின்றன. அப்போது குறையில்லை. வளைவிலே வண்டி சாய்ந்துவிட்டால், நிலத்தின் அடி பக்கவாட்டாகத் தாக்கும். தாங்கிகளாற் பக்கவாட்டாக இயங்க முடியாது. அவ்வேளையில் சட்டகமும் கவையும் சில்லும் சிறிதளவு முறுகி, அவ்வடியை உள்வாங்கி, மீண்டும் தம் நிலைக்கு வரவேண்டும். அவ்வாறு முறுகாத வண்டி, தரையைப் பற்றாமற் குதித்து வழுக்கும். தார் வீதியில் இவ்வடி சிறிது. சால் விழுந்த மண்ணிலோ ஒவ்வோர் அடிக்கும் ஒன்று உண்டு. உருக்குக் குழாய்ச் சட்டகம் செய்தோர் இதனைத் திட்டமிட்டுச் செய்தனர் என்று சொல்வதற்கில்லை. குழாயின் மெலிவே அந்த இசைவைத் தானாகத் தந்துகொண்டிருந்தது. கேளாமலே கிடைத்து வந்த பொருளின் அருமை, அது நின்றபின்பே தெரிந்தது.

ஹொண்டாக்காரர் பின்வாங்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். குறை கூறப்பட்ட வண்டியைக் கைவிட்டு உருக்குக்குத் திரும்புவது எளிதாயிருந்திருக்கும். அவர்களோ உத்தரங்களைச் சிறிதாக்கி, 2000-இல் இரண்டாவது வடிவத்தையும், 2002-இல் மூன்றாவது வடிவத்தையும் வெளியிட்டனர். விறைப்பைக் கூட்டக் கற்றவர்கள், விறைப்பைக் குறைக்கவும் ஐந்தாண்டு கற்றனர். 2002-இல் கவசாக்கியிலிருந்து ஹொண்டாவுக்கு வந்த றிக்கி கார்மைக்கல், அவ்வாண்டு அமெரிக்கத் திறந்தவெளி வாகைப் போட்டியின் 24 ஓட்டங்களையும் ஒன்றுவிடாது வென்றார். ஐந்தாண்டுக்கு முன் கைகளை நோகச் செய்த அதே உலோகத்தினாலான வண்டியிலேயே அவ்வெற்றி கிடைத்தது. 2004-இல் நான்கு வீச்சு இயந்திரம் பூட்டிய 450 வண்டியில் அவ்வருஞ்செயலை அவர் மீண்டும் நிகழ்த்தினார்.

அதன்பின் யப்பானிய கம்பனிகள் யாவும் ஒன்றன்பின் ஒன்றாக அலுமினியத்துக்கு மாறின. 2005-இல் யமஹாவின் இருவீச்சு வண்டிகளும் சுசூக்கியின் 450 வண்டியும், 2006-இல் யமஹா, கவசாக்கி ஆகியவற்றின் நான்கு வீச்சு வண்டிகளும் அலுமினியச் சட்டகத்தோடு வந்தன. இம்மாற்றத்துக்குப் பொறியியல் ஒன்றே காரணம் என்று கொள்ள இயலாது. அலுமினியம் புதுமையின் அடையாளமாகிவிட்டது; கடைவாயிலில் நிற்கும் வாங்குவோன், கறுப்பு வர்ணம் பூசிய குழாயைப் பழையது என்று எண்ணத் தலைப்பட்டான். செய்முறை நன்மையும் உண்டு. அலுமினியத்தைத் தலைக்குழாய் அருகே வார்த்தும், உத்தரத்தைப் பிதுக்கியெடுத்தும், அச்சருகே அடித்துருவாக்கியும் துண்டுகளாகச் செய்து பற்றவைக்கலாம். எங்கே தடிப்பு வேண்டுமோ அங்கே தடிப்பும், எங்கே மெலிவு வேண்டுமோ அங்கே மெலிவும் தரலாம். ஆயினும் ஒவ்வொரு துண்டுக்கும் அச்சு வேண்டும். அச்சின் செலவு பெரிது. ஒருமுறை அச்சு செய்தபின் மனம் மாறுவது கடினம்.

ஒஸ்திரியாவின் மத்திக்கோபன் என்னும் ஊரிலுள்ள கே.ரி.எம். கம்பனி இம்மாற்றத்திற் சேரவில்லை. குறோமியமும் மொலிப்டினமும் கலந்த உருக்குக் குழாயையே அது தொடர்ந்து பயன்படுத்தி வந்தது. தொடக்கத்தில் இதனைப் பிற்போக்கு என்று நகைத்தோர் உண்டு. ஆனால் குழாயைத் தீட்டும் கலையிற் கே.ரி.எம். தேர்ச்சி பெற்றிருந்தது. குழாயினுள் நீரை உயரழுத்தத்திற் செலுத்தி, ஓரிடத்தில் அகலமாகவும் மற்றோரிடத்தில் தட்டையாகவும் அதை உருமாற்றும் முறை, இயந்திரக் கரங்கள் கொண்டு பற்றவைக்கும் முறை ஆகியவற்றால், பழைய உலோகத்துக்கும் புதிய உருவங்கள் கிடைத்தன. புதுச் சட்டகமொன்றைச் சோதிக்கவேண்டுமாயின், சில குழாய்களை வெட்டி ஒட்டினாற் போதும், அச்சுக்குக் காத்திருக்கவேண்டியதில்லை.

உருக்கினாற் செய்தமையால் அவ்வண்டிகள் பாரமாயிருந்தனவா என்றால், இல்லை. கே.ரி.எம்.மின் 450 வண்டி அவ்வகுப்பின் எடை குறைந்த வண்டிகளுள் ஒன்றாகவே பல ஆண்டுகளாக எண்ணப்பட்டு வந்துள்ளது. நூறு கிலோகிராமைச் சற்றுக் கடந்த வண்டியிலே சட்டகத்தின் பங்கு சிறிது. அச்சிறு பங்கில் ஓர் உலோகம் மற்றதைவிட மிச்சப்படுத்தும் எடை, இயந்திரத்தின் அமைப்பில் மிச்சப்படுத்தக்கூடிய எடைக்கு ஈடாகாது.

வெற்றிப் பட்டியலைக் கொண்டு தீர்ப்புக் கூற முயல்வோர் குழப்பத்தையே அடைவர். இத்தாலியரான அந்தோனியோ கைறோலி 2010 முதல் 2014 வரை தொடர்ந்து ஐந்து உலக வாகைகளைக் கே.ரி.எம். வண்டியில் வென்றார். அமெரிக்காவில் றயன் டஞ்சி, அலுமினியச் சட்டகமுள்ள சுசூக்கியை விட்டு 2012-இற் கே.ரி.எம்.மிற் சேர்ந்து, 2015, 2016, 2017 ஆகிய ஆண்டுகளிற் சூப்பர்கிறொஸ் வாகையை உருக்குச் சட்டகத்தில் வென்றார். மறுபுறத்தே, ரிம் கைசர் 2016, 2019, 2020, 2022 ஆகிய ஆண்டுகளின் உலக வாகைகளை ஹொண்டாவின் அலுமினியத்தில் வென்றார். கூப்பர் வெப் என்ற அமெரிக்கர் 2019-இலும் 2021-இலும் உருக்கில் வென்று, 2025-இல் யமஹாவின் அலுமினியத்தில் வென்றார். ஒரே மனிதர், இரண்டு உலோகம்.

தொழிற்சாலை அணிகளுக்குச் சட்டகம் தேயும் பொருள். வேண்டிய வேளையிற் புதியதொன்றைப் பூட்டுவர். சொந்தக் காசிற் பழைய வண்டியொன்றை வாங்கி வார இறுதியில் ஓட்டும் இளைஞனின் நிலை வேறு. உலோகத்துக்கும் களைப்பு உண்டு. சிறு பாரமேயானாலும் இலட்சக்கணக்கான தடவை ஏறி இறங்கினால், உலோகத்தினுள் நுண்ணிய வெடிப்புத் தோன்றி மெல்ல வளரும். உருக்குக்கு ஓர் எல்லை உண்டு. பாரம் அவ்வெல்லைக்குக் கீழே நின்றால், அது எத்தனை தடவை ஏறி இறங்கினும் களைப்புச் சேர்வதில்லை எனலாம். அலுமினியத்துக்கு அத்தகைய எல்லை இல்லை. எவ்வளவு சிறிய பாரமும் கணக்கிற் சேர்ந்துகொண்டே போகும். 1954-இல் இரண்டு கொமற் விமானங்கள் வானிலே உடைந்து வீழ்ந்தமைக்கு அவற்றின் அலுமினிய உடலில் நேர்ந்த களைப்பே காரணம் என்று கண்டறிந்த பின்னர், உலகம் இதனை நன்கு உணர்ந்துகொண்டது. ஆகவே அலுமினியச் சட்டகத்தைத் திட்டமிடுவோர், அதன் எதிர்பார்த்த ஆயுளுக்கும் அப்பால் நிற்கும்படி உலோகத்தைத் தாராளமாக இடுகின்றனர். எனினும் பழைய வண்டியை வாங்குவோர், பற்றவைத்த பொருத்துகளின் ஓரங்களைச் சேறு போகக் கழுவி, வெயிலிலே வைத்து, மயிரிழை போன்ற கோடு உண்டா என்று விரலாலும் கண்ணாலும் தேடுதல் நன்று. உருக்குச் சட்டகத்துக்குத் துருவே எதிரி. பாதணி உராய்ந்து வர்ணம் போன இடத்தையும், குழாயினுள் நீர் தேங்கும் அடிப்பாகத்தையும் பார்க்கவேண்டும்.

சீர்செய்தலில் உருக்கின் தயவு பெரிது. வளைந்த குழாயை நிமிர்த்தலாம். வெடித்த பொருத்தைத் தேர்ந்த கைவினைஞன் ஒருவன் ஒட்டித் தருவான். அலுமினியம் 660 பாகை செல்சியசில் உருகும். அதன் மேற்பரப்பில் எப்போதும் படிந்திருக்கும் ஒட்சைட்டு உருகுவதற்கோ 2,000 பாகைக்கு மேல் வேண்டும். மேற்றோலை அகற்றாமற் சூடேற்றினால், தோல் அப்படியே நிற்க உள்ளே உலோகம் உருகி ஓடிவிடும். அதைத் திறமையாக ஒட்டினாலும், பல கலவைகளில் ஒட்டிய இடத்தை அடுத்த பகுதி தன் பக்குவத்தை இழந்து மெலிந்துவிடும். தொழிற்சாலையிலே முழுச் சட்டகத்தையும் உலையிலிட்டு அப்பக்குவத்தை மீட்பர். ஊர்ப் பட்டறையில் அத்தகைய உலை இல்லை. ஆறு தசாப்தங்களுக்கு முன் ஜெப் ஸ்மித்தின் டைட்டேனியச் சட்டகம் கொடுத்த தொல்லையை இங்கு நினைவுகூரலாம்.

பிரித்தானியாவில் டிறையம்ப் என்னும் பழைய பெயரைத் தாங்கிய இன்றைய கம்பனி, 2024-ஆம் ஆண்டிலே மோட்டோகிறொஸ் களத்தில் இறங்கியது. அவர்கள் தேர்ந்தது அலுமினியம். ஒரு காலத்தில் றிக்மன் சகோதரரின் உருக்குச் சட்டகத்தில் அமர்ந்தது அப்பெயருடைய இயந்திரமே. கே.ரி.எம்.மோ, அதே குழுமத்தைச் சேர்ந்த ஹுஸ்க்வார்னா, காஸ்காஸ் ஆகிய பெயர்களில் வரும் வண்டிகளுக்கும் உருக்கையே வழங்கி வந்துள்ளது. 2023-ஆம் ஆண்டுக்கென வெளிவந்த அதன் புதிய உருக்குச் சட்டகம் முந்தியதைவிட விறைப்பானது. அதனைக் கடினமானது என்று குறைகூறிய ஓட்டுநரும் உண்டு. 1997-இல் அலுமினியத்தின்மேற் சாட்டப்பட்ட குற்றம் இப்போது உருக்கின்மேற் சாட்டப்பட்டது.

பந்தய நாளிலே அணிகளின் கூடாரத்தை எட்டிப் பார்ப்போர், சில்லையோ இயந்திரத்தையோ தொடாது, சட்டகத்தையும் இயந்திரத்தின் தலைப்பகுதியையும் இணைக்கும் சிறு தகட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் திருத்துநரைக் காணலாம். இயந்திரமும் சட்டகத்தின் ஓர் எலும்பாகவே நின்று அதனை இறுக்குகின்றது. ஆகையால் அத்தகட்டைத் தடிப்பானதிலிருந்து மெல்லியதாக மாற்றினாலோ, அலுமினியத் தகட்டுக்குப் பதிலாக வேறோர் உலோகத் தகட்டை இட்டாலோ, முழு வண்டியின் இசைவும் மாறுகின்றது. ஓட்டுநர் ஒரு சுற்று ஓடி வந்து, முன்சில்லு இன்னும் கடிக்கின்றது என்பார். திருத்துநர் அளவுகோலுள்ள சாவியை எடுத்து, மரையைக் கால் சுற்றுத் தளர்த்தி, மறுபடியும் ஓடிப் பார்க்கச் சொல்வார்.